ஆறாவது கோடு

மூன்று மாத வேலை.
பக்கத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்.
மூக்கையூரில், மூடிப்போன
பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரியின் பேரேடுகளைக்
கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும்.
தாள் அப்பளமாய் நொறுங்குகிறது.
விரலை நக்கிப் புரட்டினால்
நாக்கில் உப்பு.

அச்சடித்த கட்டங்கள் ஐந்து.
எண், தேதி, ஆணா பெண்ணா, தகப்பன் பெயர், ஊர்.
பெற்றவளுக்கு இடமில்லை.
அலை ஒதுக்கிவிட்டுப் போன சாமான் போல
பிள்ளை மட்டும் கிடக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறு, ஆவணியில்
திடீரென்று ஒரு சிவப்புப் பென்சில் கோடு.
அடிக்கோல் வழுக்கி
முடிகிற இடத்தில் கொஞ்சம் வளைந்த
ஆறாவது கோடு.
அதன் பிறகு பக்கம் தவறாமல்
பதினெட்டு வருஷம்.

கோட்டுக்கு அப்பால்
கால் வாங்காத, கொம்பு மறந்த தமிழில்
சவேரியாயி.
மீராம்பீவி.
"சங்கு குளிக்கிற முனியன் பெண்டாட்டி" என்று எழுதி
அதை அடித்துவிட்டு
ராக்கு.

ஓர் இடத்தில்,
"பெயர் சொல்ல வெட்கப்படுகிறாள். நாளை கேட்க."
அதற்குக் கீழே வேறு மையில்,
"சொல்லவில்லை. நாளை கேட்க."
மூன்றாம் நாள்
கட்டத்தை நிறைத்துக்கொண்டு
சொர்ணக்கிளி.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வரி:
கொடி அறுத்தது ஞானப்பூ.
விஷக்காய்ச்சல் வருஷத்தில்
அந்த வரி நாலு மாதம் இல்லை.
பிறகு வருகிறது, கோணலாக.
காய்ச்சலில் விழுந்தது யார்,
ஞானப்பூவா, எழுதியவளா?
பேரேட்டுக்குத் தெரியும், சொல்லாது.

எழுதியவள் சிஸ்டர் அலோசியஸ்.
கொழும்புக் கப்பலில் வந்து பாம்பனில் இறங்கிய
அயர்லாந்துக்காரி.
அலோசியஸ் ஆம்பிளைப் பெயர்.
எங்கள் தெருவிலேயே இரண்டு பேர்,
ஒருவர் ஐஸ் கம்பெனி, ஒருவர் டீசல் பங்க்.
மடத்தில் சேர்ந்தபோது கொடுத்த பெயராம்.
அதுதான் கல்லறையிலும்,
கருவேல முள்ளுக்குள்.

நேற்று பேரேட்டின் முதுகிலிருந்து
விழுந்தது ஒரு கடிதம்.
நெத்திலி காயப்போட்ட மாதிரி
ஒரே பக்கமாய்ச் சாய்ந்த இங்கிலீஷ்.
என் பி.காம். படிப்பை வைத்துக்கொண்டு
சாப்பாட்டு நேரம் முழுக்க எழுத்துக் கூட்டினேன்.

"டப்ளினில் தபால் ஆபீஸ் எரிந்துபோனது.
நம் டீலியா பாவாடை மடிப்பில்
தோட்டா கொண்டுபோய்க் கொடுத்தாள்.
காயம் பட்டவர்களுக்கு ஐந்து நாள் கட்டுப் போட்டாள்.
இப்போது சிறையில்.
பேப்பரில் ஆண்கள் பெயர் வரிசையாக வருகிறது,
கடைசியில் 'மற்றும் சில பெண்கள்'.
அந்தச் சிலரில் அவள் எத்தனையாவது என்று
அம்மா கேட்கிறாள்.
அங்கே நீ என்ன செய்கிறாய், ஹனோரா?"

தேதி, மே கடைசி.
சண்டைக் காலத்தில் அந்தக் கடலிலிருந்து இந்தக் கடலுக்குக்
கடிதம் வர எத்தனை நாள் ஆகும்?
எனக்குத் தெரியாது.
ஆவணியில் கோடு தொடங்குகிறது.
அவ்வளவுதான் தெரியும்.

சூப்பர்வைசர் பிரிட்டோ ராமநாதபுரத்திலிருந்து போன் செய்தார்.
"தாய் பெயர் கட்டாயம் இல்லையே,
ஸ்டார் போட்ட இடம் மட்டும் அடிங்க.
இந்த வேகத்தில போனா எப்ப முடிக்கிறது?"
சரி சார் என்றேன்.
ராக்கு என்று அடித்தேன்.

இன்று இறப்புப் பேரேடு.
"சிஸ்டர் அலோசியஸ், ஐம்பத்தொன்று, அயர்லாந்து"
என்று ஞானப்பூ எழுதியிருக்கிறாள்.
எழுத்து அவளுடையதுதான், அந்தக் கோணல்.
இவளுக்கும் சிவப்புக் கோடு இழுத்திருக்கிறாள்.
அதற்கு அப்பால் எழுத ஒன்றும் தெரியாமல்
ஒரு புள்ளி வைத்து
பென்சிலை எடுத்துவிட்டாள்.

அலோசியஸை அழித்தேன்.
ஹனோரா.
அடுத்த கட்டத்தில் கர்சர் துடிக்கிறது.
எத்தனையாவது என்று கேட்ட அந்த அம்மாவுக்கு
எனக்குப் பெயர் தெரியாது.
வெளியே கச்சான் காற்று, பல்பு மங்குகிறது,
கரண்டு போய்விடும்.

"நாளை கேட்க" என்று அடித்துச்
சேமித்தேன்.