எடுத்த நேரம், விட்ட நேரம்

களக்காட்டில், வாழைத்தார் மண்டிக்கும் லேத் பட்டறைக்கும் நடுவே
எட்டுக்குப் பத்து கடை.
'மெஷின் வாடகைக்கு. ஆதார் கட்டாயம்.'
செண்பகவடிவு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.
மெஷின்காரம்மா என்றால்
பச்சையாற்றுக்கு அந்தப் பக்கமும் கை காட்டுவார்கள்.

புல்வெட்டி மூன்று.
ஒன்றுக்கு நைலான் நரம்பு,
ஒன்றுக்கு மூன்று பல் பிளேடு,
மூன்றாவது தீராத நோயாளி:
சோக் இழுத்து, பல்பை ஏழு தரம் அமுக்கி,
கயிற்றை இழுத்தால் ஒரு இருமல்,
இன்னொரு இழுவைக்கு மௌனம்.
வசவுக்குத்தான் கிளம்பும்.

மரம் அறுக்கும் ரம்பம் ஒன்றே ஒன்று.
அதை ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பேன்.
வாய் மணந்தால், 'செயின் மழுங்கிக் கெடக்குண்ணே' என்று பொய்.
ஆடிக் காற்றில் வேம்பு கரண்டுக் கம்பியில் சாய்ந்த ராத்திரி
லைன்மேன் மைதீன்பிச்சை எழுப்பி வாங்கிப்போனான்.
விடியக் கொண்டுவந்தபோது
பல்லிடுக்கெல்லாம் ஈர மரத்தூள், கசப்பு வாடை.
வாடகை வாங்கவில்லை.
ஃபேன் ஓடியதே.

சருகு ஊதும் மெஷின் என் முட்டாள்தனம்.
விற்க வந்த நாகர்கோவில் பையன் நன்றாகப் பேசினான்.
ஆனி ஆடியில் காற்றே காசில்லாமல் ஊதுகிற ஊரில்
இதை யார் எடுப்பார்?
வருஷத்துக்கு ஒரு தரம்,
மாடன் கோயில் கொடை முடிந்த மறுநாள்
வெடித்தாள் ஊத வந்து எடுப்பார்கள்.
சாமி கணக்கு என்று பாதி தருவார்கள்.

குழி தோண்டும் மெஷினை
தென்னங்கன்றுக்கு என்று சொல்லி எடுத்துப்போய்
வேலிக்கல் ஊன்றிவிட்டு வருகிறவர்களே அதிகம்.
போன தையில் தவசிக்கனி எடுத்தது அப்படித்தான்.

அதிலிருந்து சனிக்கிழமை அண்ணன்,
ஞாயிற்றுக்கிழமை தம்பி சொர்ணராஜ்.
ஒரே புல்வெட்டி, அதே மூன்று பல்.
இருவரும் என்னிடம் பேசுவார்கள்.
அவர் தோப்பு அவர் கல் வரைக்கும் மழுங்கச் சிரைத்திருக்கும்,
இவர் தோப்பும் அப்படியே.
நடுவில் ஒரு முழ அகலம்,
யாரும் தொடாத துண்டு.
துத்தியும் நாயுருவியும் இடுப்பளவு,
பாம்புக்குப் பட்டா போட்ட மாதிரி.

டேங்கைக் காலி செய்து விடவேண்டும், அது என் கடைச் சட்டம்.
தவசிக்கனி விடும்போது
எப்போதும் அரை லிட்டர் கிடக்கும்,
ஆயில் கலந்து, அளவு பிசகாமல்.
முதல் வாரம் மறதி என்று நினைத்தேன்.
ஏழாவது வாரமும் மறதி என்றால் எப்படி?

மறுநாள் சொர்ணராஜ் மூடியைத் திறந்து பார்ப்பார்.
"யாருக்கா விட்டுட்டுப் போனது?"
"நேத்து எடுத்தவரு."
பெயர் கேட்கமாட்டார்.
மூடியைத் திருகி, பட்டையைத் தோளில் மாட்டி,
ஒரே இழுப்பில் கிளப்பிக்கொண்டு போவார்.
பெட்ரோல் காசு கேட்டதில்லை நான்.
நோட்டில் அதற்குக் கட்டமும் இல்லை.

போன வாரம் மழை, இரண்டு நாளும் கரண்டு இல்லை.
சனி ராத்திரி வந்ததை இருட்டில் வாங்கி
ஞாயிறு விடிகாலை இருட்டில் கொடுத்துவிட்டேன்.
திங்கட்கிழமை வெளிச்சத்தில் பார்த்தால்
பிளேடில் ஒரு பல் மூளி,
உடைந்த விளிம்பில் வெள்ளையாகக் கல்மாவு.
பிடியில் நாயுருவி விதை ஒட்டிக்கிடந்தது.

பிளேடு நானூற்று ஐம்பது. யார் பெயரில் எழுத?

கேட்காமலே பத்து மணிக்குத் தவசிக்கனி வந்தார்:
"ஏங் கணக்குல போடும்மா."
மத்தியானம் சொர்ணராஜ் போனில்:
"அண்ணங்கிட்ட வாங்கிராதீங்க, நாந்தான் கல்லுல விட்டேன்."
அண்ணன்.
ஏழெட்டு மாசத்தில் அந்த வார்த்தையை
இப்போதுதான் கேட்கிறேன்.

இரண்டு பேரிடமும் இன்னும் வாங்கவில்லை.
பிளேடு ஆணியில் தொங்குகிறது.
புதுசு மாட்டியாகிவிட்டது,
சனிக்கிழமை வருகிறது,
நோட்டில் அந்த வரி காலி.