அரைப்பேர்

கண்டியில் மழை.
மேன்முறையீட்டு மன்றின் கடைசி வாங்கில்
ஓய்வூதியக்காரன் நான், நனைந்த குடையோடு.
எனக்கு அழைப்பிதழ் வரவில்லை,
பத்திரிகையில் பார்த்து பஸ் ஏறினேன்.

நீதிபதி ராஸிக்குக்கு இன்றோடு அமர்வு முடிகிறது.
சட்டத்தரணிகள் ஒவ்வொருவராய் எழுந்து
தீர்ப்புகளை எடுத்துச் சொல்கிறார்கள்.
துரை பங்களாவின் ரோசாப்பாத்திக்குப் போன பீலித் தண்ணீரை
மூன்று லயங்களுக்குத் திருப்பிவிட்டது.
பதிவில் ஓர் எழுத்துப் பிழைத்ததால்
சேமலாப நிதி கிடைக்காதிருந்த கிழவனை
அவன்தான் அவன் என்று சொன்னது.
பிறகு ஒருவர், தொண்டையைச் செருமிக்கொண்டு,
“இருளாயி வழக்கு” என்றார்.

நான் குடைப்பிடியைப் பார்த்தேன்.

ஹட்டன் நீதவான் மன்றில் அன்று
கூண்டுக்குப் பக்கத்தில் நின்றது நான்,
சத்தியம் செய்துகொடுத்த மொழிபெயர்ப்பாளன்.
கடைவீட்டுப் பிள்ளை. மலை ஏறிப் பழக்கமில்லை.
ஆறாம் நம்பர் மலையில் என்ன செய்தாய் என்று கேட்டார்கள்.
“கொழுந்து எடுத்தேன்” என்றாள்.

சிங்களத்தில் பறிப்பதற்கு ஒரு வினை,
கொண்டுபோவதற்கு இன்னொன்று.
நான் இரண்டாவதைச் சொன்னேன்.
நீதவான் குனிந்து எழுதினார்.
அவள் இன்னும் ஏதோ சொன்னாள்,
அதையும் சொல்லுக்குச் சொல் பெயர்த்தேன்,
எனக்கே விளங்காமல்:
“எனக்குப் பாதிப் பெயர்தான் போட்டார்கள்.”
யாரோ சிரித்தார்கள். நானாகவும் இருக்கலாம்.

மேன்முறையீட்டுக்கு முகங்கள் வருவதில்லை.
துளையிட்டு நாடா கட்டிய தாள்கள் வரும்.
நாற்பத்தோராம் பக்கத்தில் ராஸிக் நின்றுவிட்டாராம்.
பாதிப் பெயரை யார் யாருக்குப் போடுவார்கள்?
அக்குறணைக்காரர். அவர் வாப்பா
துணிமூட்டை சுமந்து லயம் லயமாய்ப் போனவர்,
சம்பள நாளில் கடன் வசூலிக்கப்
பிள்ளையையும் கூட்டிக்கொண்டு.
முழுப்பேர் விழுந்த வீடு எது, அரைப்பேர் விழுந்த வீடு எது
என்று பார்த்துத்தான் கதவைத் தட்ட வேண்டும்.

சிங்களத் தாளுக்கு அடியில்
அவருக்குத் தமிழ் கேட்டிருக்கிறது.
ஒரு வரியைத் திருத்தினார்,
அதற்கு மேலே இருந்த வரி தானாகத் திரும்பிக்கொண்டது.
“திருட வந்தவள் அரைநாள் கூலிக்கு முறையிடமாட்டாள்.
மொழிபெயர்ப்பில் வழு. மேன்முறையீடு ஏற்கப்படுகிறது.”

வழுவின் உரிமையாளரை அவர் எழுதவில்லை,
முழுப்பேரும் இல்லை, அரைப்பேரும் இல்லை.
தீர்ப்பு ஹட்டனுக்கு வந்து சேர்ந்தபோது
இருளாயியை லயத்திலிருந்து இறக்கிப் பதினெட்டு மாதம்.
எங்கே போனாள் என்று
பியூனிடம் ஒருமுறை கேட்டேன். ஒருமுறைதான்.

இப்போது ராஸிக் பேச எழுகிறார்.
நன்றி சொல்வார் என்று காத்திருக்கிறார்கள்.
கண்ணாடியைத் துடைத்து, ஒரு துண்டுத் தாளிலிருந்து
வழக்கிலக்கம் ஒன்றை வாசிக்கிறார்.
யாருக்கும் நினைவில்லை.
“மாயழகு என்பவரின் மனு. பதினான்கு நாள் தவணை.
பதினாறாம் நாள் வந்தது. தள்ளுபடி செய்தேன், ஆறு வரியில்.
தோட்டப் பாதையில் மண் சரிந்து கிடந்ததை
மனுவின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தார்கள்.
நான் நாட்களை எண்ணினேன். சரியாகத்தான் எண்ணினேன்.
மலையை எண்ணவில்லை.”
அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.
கைதட்டலாமா என்று தெரியாமல்
கைகள் மேசைகளில் கிடந்தன.

தேநீர் கொடுத்தார்கள். நான் நிற்கவில்லை.
தாழ்வாரத்தில் அவர் என்னைக் கடந்தபோது
சொல்ல வைத்திருந்த வாக்கியத்தில்
எழுவாய் மட்டும்தான் வாயில் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில், கினிகத்தேனை தாண்டி,
பனி விலகிய சரிவில் கூடைகள் தெரிந்தன.
முதல் வினையைச் சொல்லிப் பார்த்தேன், சிங்களத்தில்,
கொஞ்சம் சத்தமாகவே.
கண்டக்டர் திரும்பி,
“எங்க இறங்கணும் ஐயா?” என்றான்.