காந்தம் ஒட்டாத ஆணி

நான்தான் விற்றேன்.
ரசீதில் இருப்பது என் கையெழுத்து:
நான்கு கிலோ, இரண்டரை அங்குலம், பளபளப்பு.

ஆன்குத் துறைமுகத் தெருவில்
ஆணியை எடைபோட்டு விற்பவள் நான்.
எலியேசர் வென்சூர் அன்று
ஈரம் போகாத நோட்டுகளை
மேசைமேல் பரப்பி எண்ணினான்.
சிப்பி அள்ளிய காசு, கடல் வாசம்.
"மேற்குச் சுவருக்கு" என்றான்.

மேற்கு என்றதும் சொல்லியிருக்க வேண்டும்.
சிலோயேயில் மழை மேலிருந்து விழுவது குறைவு.
பக்கவாட்டில் நடந்துவந்து கதவைத் தட்டும்,
வாய் நிறைய உப்போடு.
இடப்பக்கத் தட்டில்
உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஆணி இருந்தது.
சொரசொரப்பு, ஆறிய கஞ்சியின் நிறம்,
யாரும் ஆசைப்பட்டுத் தொடாதது.
மேல்தட்டில் கண்ணாடிக்குப் பின்னால்
துருப்பிடிக்காத எஃகு, முந்நூற்றுப் பதினாறு,
கடலோரத்துக்கென்றே வார்த்தது.
அதன் விலைச்சீட்டை நான்தான்
சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தேன்,
ஏச்சுக்குப் பயந்து.

அவன் கை பளபளப்பிடம் போனது.
மின்சாரத்தில் பூசிய பூச்சு,
வெங்காயச் சருகு அதைவிடக் கனம்.
கடை மூடும் நேரம். எனக்குப் பசி.
தராசு முள் ஆடி நின்றது.
நான் வாய் திறக்கவில்லை.

பதினான்கு மாதம் கழித்து
ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு வேலையாய்
அந்தக் குடாவில் படகைவிட்டு இறங்கினேன்.
தூரத்திலேயே தெரிந்தது.
ஒன்றன்மேல் ஒன்று ஏறிய சைப்ரஸ் பலகைகள்,
ஒவ்வொரு ஆணியின் கீழும்
ஒரு சாண் நீளக் கறுப்புக் கோடு.
மரத்தின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் கூடினால் மை.
அந்தக் காலத்தில் பத்திரம் எழுதிய மை.
அத்தனை வரியும் என்னைப் பற்றித்தான்
என்று பட்டது எனக்கு.

"பார்த்தாயா மரத்தை?" என்றான் எலியேசர்.
"பயில்லக்கார் ஏமாற்றிவிட்டான்.
சேற்றில் கிடந்த தடியை அறுத்துத் தந்திருக்கிறான்.
கடைசித் தவணையைக் கொடுக்கவில்லை.
தேவாலய வாசலில் வைத்துக்
கேட்கக் கூடாததைக் கேட்டேன்.
இப்போது அவன் மகளும் என் மகளும்
பள்ளிப் படகில் ஆளுக்கொரு மூலை."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.
கொக்கியை வாங்கி ஓர் ஆணியை நெம்பினேன்.
தலை மட்டும் கையோடு வந்தது,
கழுத்து கோலிக்குச்சி அளவுக்கு அரித்திருந்தது.
பலகையின் உள்பக்கத்தைச் சீவிக் காட்டினேன்:
மஞ்சள், இறுக்கம், மணம்.

மரம் நல்ல மரம், எலியேசர்.
ஆணிதான். விற்றவள் நான். தெரிந்தே.

அவன் என்னைப் பார்க்கவில்லை,
சுவரைப் பார்த்தான்.
ஒரு படகு போய், அதன் அலையும்
கரைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் பேசினான்:
"நல்லது எது என்று எப்படித் தெரிவது?"

செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்தான்.
கண்ணாடியைத் திறந்தேன்.
கல்லாப்பெட்டிக் கதவின் காந்தத்தைப் பிடுங்கித் தந்தேன்.
பளபளப்பு ஓடிவந்து ஒட்டியது,
மங்கலும் ஒட்டியது.
மேல்தட்டு ஆணி அசையவே இல்லை,
அழைப்பு வேறு யாருக்கோ என்பதுபோல.
"காந்தம் சொல்வது பாதிதான்" என்றேன்,
"மீதிக்குப் பெட்டியில் எண்ணைப் பார்.
தண்டில் வளையம் வளையமாய் வெட்டு இருக்கட்டும்,
மரம் உப்பிச் சுருங்கினாலும் விடாது.
கறைக்கு ஆக்ஸாலிக் அமிலம். கையுறை போட்டுக்கொள்."
இந்த முறை மூச்சுவிடாமல் பேசினேன்.

வாங்கிய விலைக்கே கொடுத்தேன்.
அதற்கும் அவனிடம் பாதிதான் இருந்தது.
மீதியைக் கடன் நோட்டில்
என் பெயருக்கு நேரே எழுதிக்கொண்டேன்.

பெட்டியைத் தோளில் ஏற்றியவன்
வீட்டுத் திசையில் போகவில்லை.
அறுவை ஆலைப் பக்கம் திரும்பினான்.
அங்கே என்ன பேசினார்கள், தெரியாது.
பள்ளிப் படகு என் கடையைத் தாண்டிப் போவதில்லை.

காந்தத்தையும் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.
அன்றிலிருந்து கல்லாக் கதவு மூடி நிற்பதில்லை.
ஒவ்வொரு முறையும் முழங்காலால்
முட்டுக்கொடுத்துக்கொண்டே கேட்கிறேன்,
வருகிறவர் எடை சொல்வதற்கு முன்:
எந்தச் சுவர்?