நாலாம் பெனலுக்குப் பெயர் எழுதியது

புதுப் பெனல் வந்து பதினொரு நாள்.
கதவு முழுக்க ஆங்கிலம்.
மூன்று மொழியிலும் ஒட்டச் சொல்லி
மனேஜர் தந்தது: ஒரு கட்டு ஸ்டிக்கர்,
ஒரு கறுப்புப் பேனை,
கொழும்பிலிருந்து வந்த கலைச்சொல் பட்டியல்.
சிங்களம் நிலந்தவின் பாடு.
"ஜெஸீமா, உமக்குத்தானே எழுத்து வடிவு."
தமிழ் என் தலையில்.

கொட்பே ஐஸ் பக்டறி, இரவு முறை.

பட்டியல் சொல்கிறது: சுழலி, நிலையகம்.
எங்கள் வாய்க்கு அது றோட்டர், கொயில்.
பட்டியல் சொல்கிறது: முறுக்குவிசை.
ஜன்னலுக்கு வெளியே ஜெட்டியில் ஒருவன்
துருப்பிடித்த நட்டில் ஸ்பனரை மாட்டி
ஸ்பனரின் வாலில் ஒரு பைப்பையும் சொருகி
உடம்போடு தொங்குகிறான்.
நட்டு அசையவில்லை.
அசையாவிட்டாலும் முறுக்குவிசைதான்.
எழுதி ஒட்டினேன்.

ஸ்லிப்புக்கு 'நழுவல்' என்று போட்டிருக்கிறார்கள்.
நழுவல் என்றால் எனக்கு
சூரை வெட்டிய ஈரத் தரை,
போன மாசம் அதில் விழுந்து
கை முறித்த பௌசர் நானா.
இது அது இல்லை.

கம்பிரெசர் மோட்டரின் தகட்டில்
ஆயிரத்து நானூற்று நாற்பது.
உள்ளே காந்தப் புலம் சுற்றுவதோ
ஆயிரத்து ஐந்நூறு.
நிமிடத்துக்கு அறுபது சுற்று பின்னால்,
பாரம் ஏற ஏற இன்னும் கொஞ்சம்.
எட்டிப் பிடித்துவிட்டால்
றோட்டரில் கரண்ட் பிறக்காது,
கரண்ட் இல்லாமல் இழுவை ஏது?
பின்தங்கல் என்று எழுதினேன்.
பழுது போலக் கிடக்கே என்பார் மனேஜர்.
சொல்லட்டும்.
அந்த அறுபதில்தான் குளிர்கிறது
நாளைக்குத் தம்புள்ளை போகும் மீன்.

பக்லாஷ்:
பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் ஒரு மயிரிழை.
முன்னுக்குப் போகையில் தெரியாது.
திரும்பும்போது மட்டும் ஒரு 'டக்'.
நிலந்த பகிடி விட்டால்
நான் சிரிக்க முன்னம் வருமே,
அதே 'டக்'.
அவனுக்கும் என் பகிடிக்கு அப்படித்தானாம்.
கிறீஸ் பூசிப் போகிற விஷயமில்லை,
ஒரேயடியாக இறுக்கினாலும் பல் தேயும்.
அதற்கு இன்னும் தமிழ் எழுதவில்லை.

இரண்டேகாலுக்குக் கரண்ட் போனது.

'சடக்' என்று கவ்வியது பிறேக்.
கரண்ட் இருந்தால் திறக்கும் சாதி அது,
இல்லாதபோது பிடித்துக்கொள்ளும்.
முந்நூறு கிலோ ஐஸ்
தொட்டிக்கு மேலே அந்தரத்தில்.
மோட்டர்கள் ஓய்ந்த பிறகுதான் கேட்டது
வெளியே மழை,
எப்போது தொடங்கியதோ.

கரண்ட் வந்தது. திரையில்
வண்டியின் இடம்: பூச்சியம்.
வண்டியோ நடுத் தண்டவாளத்தில்.
இந்த என்கோடருக்கு எண்ணத்தான் தெரியும்,
எங்கிருந்து எண்ணினது என்பதைக்
கரண்டோடு விட்டுவிடும்.

ஹோமிங் பொத்தானை அமர்த்தினோம்.
ஊர்ந்தது, பின்னுக்கு, பின்னுக்கு,
கோடிச் சுவரில் லிமிட் சுவிட்சில் முட்டி
ஒரு விரற்கடை விலகி
மறுபடி மெதுவாக வந்து தொட்டு
அங்கே நின்று சொன்னது: பூச்சியம்.
நிலந்த சொன்னான், "கெதர."
பட்டியலிலும் அதேதான்: வீடடைதல்.

கிண்ணியாவில் அலை போன மறுகிழமை
எங்கள் வளவில் மிஞ்சியது கிணற்றுக் கட்டு.
வாப்பா அதில் கை வைத்தார்.
அங்கிருந்து அடி அடியாக எண்ணி நடந்தார்.
பதினாலில் நின்று, இது குசினி என்றார்.
இருபத்தொன்றில் எதுவும் சொல்லவில்லை.
எனக்கு ஒன்பது வயது,
பின்னாலேயே எண்ணிக்கொண்டு போனேன்.

விடிய மனேஜர் வந்து
பெனலையும் பட்டியலையும் மாறி மாறிப் பார்த்தார்.
"தொட்டு எண்ணல்... இது இதில இல்லையே, பிள்ளை?"

ஸ்டிக்கர் முடிஞ்சுது சேர், என்றேன்.
பேனையைக் கொடுத்துவிட்டு
ஏழுமணி பஸ்ஸுக்கு ஓடினேன்.