இருபத்திரண்டு நிமிடம்

சொட்டு மருந்து கொடுத்தாயிற்று. மணி பத்து ஏழு.
இனி அரைமணி நேரம்
பால் கொடுக்கக் கூடாது, தில்ஷாத்.

பீடி முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு
என்னைப் பார்த்தாள்.
சின்ன அல்லாபுரத்தில், கத்திரி வெயிலில்,
தகரக் கூரைக்குக் கீழே
அரைமணி என்பது எவ்வளவு நீளம்
என்று எனக்கும் தெரியும்.

"ஏன் கூடாது?"

பயிற்சியில் சொன்னதை என் பேச்சில் சொன்னேன்:
இந்தச் சொட்டில் இருப்பது பல்லைப் பிடுங்கிய கிருமி.
பிள்ளையின் குடல் அதன் முகத்தைப்
பார்த்துப் பழக வேண்டும்.
உன் பால் விடாது.
அதற்குள் கோடிக் கவட்டைகள்,
கண்ணுக்குத் தெரியாத கவட்டைகள்.
வந்தவன் திருடனா, திருடன் வேஷம் கட்டியவனா
கேட்பதில்லை,
கழுத்தில் கொடுத்து வெளியே நெட்டிவிடும்.

"என் பாலுக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

பதினோரு நாளுக்கு ஒருமுறை வரும் குழாய்.
சாக்கடைக்குள்ளேயே ஓடி வரும் குழாய்.
ஆறு வயதில் உனக்கு வந்த வாந்திபேதி.
நிக்காவுக்கு முந்தின வருஷம்
அடுக்கம்பாறை ஆஸ்பத்திரியில்
இருபது நாள் கிடந்தாயே, அந்தக் காய்ச்சல்.
நீ குடித்த அத்தனையும்.

"அப்ப சாக்கடைக்கு ஒரு சலாம் வைக்கணும்" என்றாள்.
சிரித்தோம்.

பதினைந்தாவது நிமிடம் சுஹைல் வீறிட்டான்.
பக்கத்து வீட்டு மாபுன்னிசா எட்டிப் பார்த்து
"புள்ளைய என்னடி பண்றீங்க?"
தில்ஷாத்தின் நைட்டியில் இரண்டு ஈர வட்டங்கள்
பெரிதாகிக்கொண்டே போயின.
பால் கடிகாரம் பார்ப்பதில்லை.

அப்போதுதான் தெருவே கத்தியது:
தண்ணி வந்துடுச்சு!
பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு
நான்கு குடத்தோடு ஓடினாள்.
முதல் குடம் துரு நிறம், ஊற்றிவிட்டாள்.
இரண்டாவதும்.
மூன்றாவதை வாயில் துணி கட்டிப் பிடித்தாள்.
அவன் என் அடையாள அட்டையைச் சப்பிப் பார்த்து
ஏமாந்து
இன்னும் உரக்கக் கத்தினான்.
ஐஸ் பெட்டிக்கே வியர்த்தது.

திரும்பி வந்தவள் என்னைக் கேட்கவில்லை.
ஈரக் கையை இடுப்பில் துடைத்தாள்,
அவனை வாங்கினாள்,
சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.
சத்தம் நின்றது.
குடத்திலிருந்து சொட்டுவது கேட்டது.

படிவத்தில் ஒரு கட்டம்:
பாலூட்டாத நேரம், நிமிடங்களில்.
முப்பது என்று போட்டிருக்கலாம்.
போன வாரம் வேறொரு வீட்டில் போட்டேன்.

இன்று இருபத்திரண்டு.
கீழே, காரணத்துக்கு, ஒரே ஒரு கோடு.
பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.
பிறகு எழுதினேன்:
தண்ணீர் வந்தது.