எட்டரைக்குப் பிறகு பெய்தது

தீபாவளிக்கு முதல்நாள் பின்னேரம்
வானொலி சொல்லிற்று:
வங்காள விரிகுடாவில் தாழமுக்கம்,
கிழக்கில் நூறு மில்லிமீற்றருக்கு மேல்.
சொல்லி முடியுமுன்னே எனக்குப் போன் வரத் தொடங்கிற்று.

ஆயித்தியமலைச் சந்தியில் வெடி விற்கிற கோணேசன்:
"அக்கா, தறப்பாளை இப்பவே கட்டட்டா?"
கொழும்பில் இரவுக் கோச்சி ஏறப்போகும் மச்சாள்:
"புனாணையில தண்டவாளம் தாண்டா என்ன செய்யிற?"
விதைத்து ஒன்பது நாளான வன்னியசிங்கம்:
"வெள்ளாமை விரலளவுதான் புள்ள,
கொஞ்சம் பொறுக்கச் சொல்லு."
யாரிடம் சொல்ல?

உன்னிச்சைக் குளக்கட்டின் கீழே
முள்ளுக்கம்பி வேலிக்குள் ஒரு செப்புப் புனல்,
அதனடியில் ஒரு போத்தல்.
நீர்ப்பாசனத்தார் தருகிற சம்பளத்துக்கு
காலை எட்டரைக்குக் காலை எட்டரை
அதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி
கண்மட்டத்தில் பிடித்து வாசிப்பேன்.
விழுந்தது மட்டுந்தான் எனக்குத் தெரியும்.
விழப்போவதைக் கேட்கிறார்கள்.

அன்றிரவு நித்திரை வராமல்
பழைய பதிவேட்டை இறக்கினேன்.
கறையான் ஓரம் தின்ற கொப்பி, நீல மை ஊறிக் கிடந்தது.
எழுபத்தெட்டு, நவம்பர் இருபத்து மூன்று: 2.8.
அவ்வளவுதான். சூறாவளி அடித்த திகதிக்கு நேரே
வாசல் புழுதி அடங்குகிற அளவு.
அன்று காலை அவர் குனிந்து வாசித்தபோது
காற்று இன்னும் ஊருக்குள் வந்திருக்கவில்லை.
அடுத்த கட்டத்தில் இலக்கமே இல்லை.
"மானி இல்லை. வேலியும் இல்லை."
அதற்கடுத்த நாள்:
"கிடாரத்தில் அளந்தது. நம்ப வேண்டாம்."
கையொப்பம் மட்டும் ஒரு கோணலில்லாமல்,
ஞா. அருளப்பு.

பிறகு மாதக்கணக்கில் வெற்றுக் கட்டங்கள்.
மழை பெய்யாமலா இருந்தது?
வாசிக்கப் போக வழியில்லாமல் இருந்தது.
பதினொன்றாம் ஆண்டுத் தை என்னுடைய எழுத்து.
போத்தல் நிரம்பி, வெளிக்குவளை நிரம்பி,
மிச்சம் எங்கே போனதென்று
எனக்கே தெரியாமல் எழுதிய இலக்கம்.

தீபாவளி வெளித்த வானத்தோடு விடிந்தது.
புதுச் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனேன்.
போத்தலில் ஒரு சொட்டில்லை.
புனலுக்குள் சிவப்பாய் ஒரு வெடித்தாள் துண்டு,
எந்தப் பிள்ளை கொளுத்தியதோ.
எழுதினேன்: 0.0.
வான்கதவு பார்க்கிற உதுமாலெவ்வை
சைக்கிளை நிறுத்திச் சிரித்தார்:
"றேடியோக்காரன் நம்மளப் பேய்க்காட்டிட்டான்."
அரியதரப் பொட்டலத்தை அவர் கூடையில் வைத்தேன்.

எட்டு நாற்பதுக்குக் காற்று வாடைக்குக் கிறுகிற்று.
ஒன்பதுக்குக் குளத்தின் அக்கரை இல்லை.
கோணேசனின் தறப்பாள் பறந்து
மின்கம்பத்தில் சுற்றிக்கொள்ள
வாணமெல்லாம் பெட்டியோடு ஊறின.
மச்சாளின் கோச்சி புனாணையில் நின்றது நின்றதுதான்.
அவளுக்கென்று ஆக்கிய கறி
மூன்றுதரம் சுட்டு, நாலாம்தரம் அடிப்பிடித்தது.
உதுமாலெவ்வை இரண்டு கதவை அரையடி திறந்தார்.
வன்னியசிங்கத்துக்கு நான் போன் எடுக்கவில்லை.

மறுநாள் எட்டரை: 163.4.
வாசித்த நாளின் கட்டத்தில்தான் எழுத வேண்டும், முறை அது.
தீபாவளிக்கு நேரே பூச்சியம்.
முப்பது வருடம் கழித்து எவளாவது புரட்டினால்
அந்தப் பெருநாள் நல்ல வெயிலாம் என்பாள்.

பேனையை மூடினேன். திரும்பத் திறந்தேன்.
குறிப்புக்கு விட்ட ஒடுங்கிய இடத்தில்,
அருளப்புவின் எழுத்தளவு சின்னதாய்:
"நேற்றுப் பெய்தது."

மை காயுமுன்னே போன்.
வன்னியசிங்கம்.
"எல்லாம் அழுகிப் போச்சு புள்ள,
மறுகா விதைக்கப் போறன்.
விளக்கீட்டுக்கு எப்படியாம்?"