நேர்கோட்டில் இரண்டே முக்கால்

ஐந்து ரோடு மேம்பாலத்தின் நிழல்
பதினொரு மணிக்கு என் கடைப்பலகையை விட்டு நகரும்.
அந்நேரம்தான் வருவான் தில்வார் லஸ்கர்,
ராத்திரி ஷிப்ட் முடிந்து,
புருவத்தில் ஜவ்வரிசி மாவோடு.

டிக்கெட் வாங்க மாட்டான்.
விலை கேட்பான், தலையாட்டுவான்,
கண்ணாடி மேஜையில்
ஐந்து வெள்ளை விரல்களை விட்டுப் போவான்.

அன்று விலை கேட்கவில்லை.
"அக்கா, இங்கேர்ந்து சில்சார்,
நேரா போனா எவ்ளோ நேரம்?"

நேரா எதுவும் போகாது, தம்பி.
காமலாபுரத்தில் இறங்குவது
இறக்கையில் காத்தாடி சுற்றும் சின்ன விமானம்.
அவ்வளவு தூரத்துக்கு அதற்கு மூச்சு கிடையாது.
சென்னை, கொல்கத்தா,
இரும்பு நாற்காலியில் ஒரு ராத்திரி,
அப்புறம்தான் உன் ஊர்.

"அது தெரியும். நேரா போனா?"

இரண்டு விமான நிலையங்களையும் தட்டினேன்.
கம்ப்யூட்டர் ஒரு கோடு போட்டது.
சேர்வராயன் மலையின் இடுப்பை உரசி,
நெல்லூர்ப் பக்கம் கரையை விட்டு,
கடலைக் குறுக்கே அறுத்து,
இன்னொரு தேசத்தின் தலைக்கு மேல்
யாரையும் கேட்காமல் ஏறி
அவன் ஊரில் போய்க் குத்தி நின்றது.

இரண்டாயிரத்து நூற்று நாற்பது கிலோமீட்டர்.
பெரிய ஜெட் என்றால் இரண்டே முக்கால் மணி.
மே மாதம் ஏற்காட்டுக்குப் போய்
கொண்டை ஊசியில் மாட்டித் திரும்புகிற நேரம், என்றேன்.
சிரித்தான்.
பில்லின் முதுகில் எழுதி வாங்கிக்கொண்டான்.

மறுநாள் கடை திறக்கும் முன்பே நின்றிருந்தான்.
முகம் கழுவியிருந்தான்.

மகன் நச்சரித்துக்கொண்டே இருந்தானாம்,
நீ எத்தனை மணி தூரத்தில் இருக்கிறாய் என்று.
இவன் சொல்லிவிட்டான்.
மூன்று மணிக்குச் சொன்னான்.
ஐந்தே முக்காலுக்குப் பையன்
தட்டு எடுத்து வைத்துவிட்டான்,
அப்பாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று.

கடிகாரம் இங்கும் அங்கும் ஒன்றுதான்.
சூரியன்தான் அங்கே
ஒரு மணி முன்னால் கிளம்பிவிடுகிறது.
வீடியோவில் பையன் முகம் இருட்டில்,
இவன் முதுகுக்குப் பின்னால்
மலை உச்சியில் இன்னும் வெயில்.
"உனக்கு ஏன் இன்னும் பகல்?
நீ கிளம்பவே இல்லையா?"

சொல்லிவிட்டுத் தில்வார்
மேஜையில் கை வைக்காமல் நின்றான்.

"அக்கா, வேற நம்பர் குடுங்க.
பெருசா."

ரயில் நேரம் பார்த்தேன்.
வாரத்துக்கு ஒரே வண்டி.
சேலம் ஜங்ஷனில் ஏறினால்
அறுபத்துச் சொச்சம் மணி,
தாமதத்தைச் சேர்க்காமல்.

"பத்தாது."

பிறகு?

"நூறுன்னு எழுதுங்க.
அவனுக்கு அதுவரைக்கும்தான் எண்ணத் தெரியும்."

பதினெட்டு வருடத்தில்
இந்த மேஜையிலிருந்து போன ஒரே பொய்க் கணக்கு.
நூறு என்று எழுதினேன்,
பக்கத்தில் 'மணி' என்றும்.
போட்டோ எடுத்து அனுப்புவானே என்று
கடை முத்திரையையும் குத்திக் கொடுத்தேன்.